கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000: யாருக்கு கிடைக்கும்? எப்போ பதிவு செய்யணும்?

தென்காசி மாவட்டம் கரிவலம்வந்தநல்லூர் உள்ளிட்ட சங்கரன்கோவில் வட்டார ஊர்களில் விசைத்தறி, பீடி, வயல் வேலை என தினக்கூலியை நம்பியிருக்கும் பெண்கள் ஏராளம். 26 வார சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு சட்டம், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு, வேலைக்குப் போகாத நாளில் வருமானம் கிடையாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்.

எவ்வளவு கிடைக்கும்?

1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய உதவி, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. இப்போது மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்துடன் இணைத்து வழங்கப்படுகிறது.

• கர்ப்பத்தின் 4-வது மாதம்: ரூ.6,000
• குழந்தையின் 4-வது மாதம்: ரூ.6,000
• குழந்தையின் 9-வது மாதம்: ரூ.2,000
• மீதி ரூ.4,000-க்கு 2 ஊட்டச்சத்து பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் ஆகியவை இதில் இருக்கும்.

பணம் நேரடியாக தாயின் வங்கிக் கணக்குக்கு வரும். பரிசோதனையும் தடுப்பூசியும் முறையாக நடந்தால்தான் அடுத்தடுத்த தவணை.

யாருக்கு கிடைக்கும்?

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், தாய்க்கு 19 வயது நிறைவு, முதல் 2 பிரசவம். இவைதான் முக்கிய நிபந்தனைகள். 19 வயதுக்கு முன் தாயாகிறவர்களுக்கும் மூன்றாவது பிரசவத்துக்கும் பணம் இல்லை. உடலளவில் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான் என்பதால், இந்த நிபந்தனை மீது விமர்சனமும் உண்டு.

எங்கே சிக்கல் வருது?

12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யணும். ஆனா "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்பது பல வீடுகளில் வழக்கம். அந்த மூணு மாசம்தான் இந்த 12 வாரம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் சொன்னால் போதும்.

பதிவு செய்ததும் 12 இலக்க எண் தருவார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே எண் தேவை. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது இந்த எண்ணையும் தாய்-சேய் நல அட்டையையும் மறக்காமல் எடுத்துட்டுப் போகணும்.

பிரசவச் செலவு?

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாமே இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இதை உறுதி செய்கிறது. அவசரத்துக்கு 108, பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102.

பலன் கிடைச்சிருக்கா?

2018-20 கணக்கெடுப்பின்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54. தேசிய சராசரி 97. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீத பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனா அதே ஆய்வு, கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், ரத்தசோகை உள்ள தாயின் உடல் அதைத் தாங்காது.

அதாவது, மருத்துவமனை வரை பெண்கள் வந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் சாப்பாடும் ஓய்வும் கிடைப்பதுதான் இன்னும் பாக்கி. நாலாவது மாசமே 6,000 ரூபாய் தருவதன் நோக்கமும் அதுதான். அந்தப் பணம் வீட்டுக் கடனுக்குப் போகாமல் தாயின் சாப்பாட்டுக்குப் போகணும்.

சந்தேகங்களுக்கு: அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது 104 உதவி எண்.