சோதனையாட்டம் (மேசைப் பாத்திர விளையாட்டு)

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் பாத்திர விளையாட்டுகளில், அச்சிட்ட விதிநூலில் இல்லாத போர்த்திறன் ஒன்றை ஆடுவோரே வகுத்துக்கொண்டால், அதை நடப்பிலுள்ள கதையில் சேர்க்குமுன் தனியே ஆடிப் பார்த்துத் திருத்துவது சோதனையாட்டம் எனப்படும். இத்தகைய பாத்திர விளையாட்டுகளில் முதலில் விற்பனைக்கு வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் தத்தம் நண்பர் குழுக்களில் விதிகளை ஆடித் திருத்தியதன் பயனாக 1974இல் வெளிவந்தது; அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் அச்சாகுமுன், 2012 முதலே விதி வரைவுகள் பொதுமக்களிடம் சோதனைக்கு விடப்பட்டன.

சோதனை கணக்கிலிருந்து தொடங்குகிறது. ஒரு சுற்றில் இருமுறை வாள் வீசும் வீரனுக்கு, அடி பட்டால் இரண்டு அறுமுகப் பகடை அளவு கூடுதல் சேதம் விளைவிக்கும் திறன் தரப்படுவதாகக் கொள்ளலாம். இரு பகடைகளின் சராசரி 7. வீச்சு படும் வாய்ப்பு 65 விழுக்காடு. பட்ட ஒவ்வோர் அடிக்கும் திறன் பொருந்துமெனில் சுற்றுக்குச் சராசரியாக 9.1 புள்ளியும், ‘சுற்றுக்கு ஒருமுறை மட்டும்’ என வரையறுத்தால் ஏறத்தாழ 6.1 புள்ளியும் கிடைக்கும். அந்த மூன்று சொற்கள் விடுபட்டாலே திறன் ஒன்றரை மடங்கு வலுவாகிவிடுகிறது.

ஆனால் களத்தின் அமைப்பு இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. எதிரியைப் பத்து அடி தள்ளும் திறன் சமவெளியில் எச்சேதமும் தராது. இலங்கையில் பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் சாலையைப் போல ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் சரிவுமான களத்திலோ, ஐந்தாம் பதிப்பின்படி பத்து அடி வீழ்ச்சிக்கு ஓர் அறுமுகப் பகடை என்பதால், நூறு அடி விழுபவனுக்குச் சராசரியாக 35 புள்ளி சேதம் நேரும். அதே பதிப்பின் பெயர்பெற்ற நெருப்புக்கோள மந்திரத்தின் சராசரியே 28தான். எனவே ஒரே திறனைத் திறந்த வெளியிலும் ஒடுங்கிய வழியிலும், பல சிறு எதிரிகளோடும் ஒரே பெரிய எதிரியோடும் மாற்றி மாற்றி ஆடிப் பார்ப்பது இன்றியமையாதது. சேதத்தைக் குறித்துக்கொள்ளும் ஆட்ட நடத்துநர், மற்ற ஆட்டக்காரர்கள் செய்வதற்கு ஏதுமின்றிச் சும்மா இருக்க நேர்ந்ததா என்பதையும் கவனிப்பது நல்லது. எந்தக் கூட்டலிலும் அகப்படாத இக்குறைதான் ஆட்டத்தை முதலில் கெடுப்பது.

சமமற்ற வலிமைகளை ஈடுகட்டும் முறை ஆடுபுலி ஆட்டத்திலும் உண்டு: மூன்று புலிகளுக்குத் தாண்டி வெட்டும் ஆற்றல், பதினைந்து ஆடுகளுக்குச் சூழ்ந்து அடைக்கும் ஆற்றல். ஒரு புலியை ஏழு சிறுத்தைகள் வளைக்கும் இலங்கையின் ‘ஹத் திவியன் கெளிய’ ஆட்டத்தை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். பகடையில்லாத இத்தகைய ஆட்டங்களைக் கணினி கொண்டு ஆராய்ந்து முடிவு காணலாம்; நேபாளத்தின் ‘பாக் சால்’ ஆட்டம், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகியோர் நிறுவியுள்ளனர். பாத்திர விளையாட்டில் ஆடுபவர் விதி எண்ணிப் பாராததையும் செய்ய முயல்வதால் அத்தகைய நிறுவலுக்கு வழியில்லை. அதனாலேயே, வகுத்தவர் உடனில்லாமல் எழுதிய வாசகத்தை மட்டும் வைத்து வேறொரு குழு நடத்தும் சோதனை மிகுந்த மதிப்புடையது. தள்ளப்பட்டவன் விளிம்பைப் பற்றிக்கொள்ள முடியுமா, தன்னிலும் பெரிய உருவத்தை வீரன் தள்ள முடியுமா என அக்குழு எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் அடுத்த வரைவில் விதியாக எழுதப்படுகின்றன.