மலைநாட்டுத் தோட்டங்களும் செய்தித் தொடர்பு விதிகளும்

தொழில் நடைபெறும் இடம் ஒவ்வொன்றுக்கும் விதிகள் உண்டு. இக்காலத்துக் காரியாலயங்களிலே கணினி, தொலைபேசி, வலையமைப்பு என்பவற்றை எவர், எப்பொழுது, எதன் பொருட்டுப் பயன்படுத்தலாம் என வகுத்துக் கூறும் பாவனை விதிகள் எழுதப்பட்டு, ஊழியரிடம் கையொப்பமும் பெறப்படுகின்றது. இவை கணினியோடு பிறந்தவை எனப் பலர் எண்ணுவர். கருவிகள் புதியனவேயெனினும், தொடர்புச் சாதனங்களை ஆளும் உரிமை எவர்க்கு என்னும் வினா மிகப் பழையது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

மலைநாட்டை வெளியுலகோடு பிணைத்தது புகையிரதப் பாதையே. 1867 ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்த அப்பாதை 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1884 இல் ஹட்டனுக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. கொழும்பிலே தேயிலை ஏல விற்பனை 1883 இல் ஆரம்பமாயிற்று. புகையிரதமும் தபாலும் தந்தியும் ஒன்றுகூடியமையால், மலைமீதிருந்த துரை கொழும்பு விலையையும் இலண்டன் விலையையும் அறிந்து தோட்டத்தை நடத்தலாயினார். பாதைக்கு மண் வெட்டிக் கல் உடைத்தோர் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளரே. ஆயினும், அவர்க்கு ஊரிலிருந்து வந்த கடிதம் அவர் வாழ்ந்த லயத்தை நேரே அடைந்ததில்லை. தோட்டத்துத் தபால்காரர் பையைச் சுமந்துவந்து காரியாலயத்திற் சேர்ப்பார். லய அறைக்குத் தனி முகவரி இன்மையால் உறையின்மீது தோட்டத்தின் பெயரே எழுதப்பட்டது. கடிதம் எப்பொழுது உரியவர் கைக்கு வரும் என்பது காரியாலயத்தின் சித்தமாயிருந்தது.

மறுபுறத்தில், தொழிலாளரைப் பற்றிய செய்தி துரைக்குத் துரை தடையின்றிச் சென்றது. 'துண்டு' முறை இதற்குச் சான்றாகும். இன்ன தொகை கடன் தீர்க்கப்படின் இன்ன ஆட்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக்கொடுத்த கடதாசியே துண்டு. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. தமது தலைவிதியைத் தாங்கிய அவ்வெழுத்தை வாசிக்கவும் பலரால் இயலவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டகலுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடிதம் இவ்வாறாக, மனிதர் வருகையும் விதிக்குட்பட்டது. லயம் தோட்டத்து நிலத்தில் நிற்பது. நிலம் தோட்டச் சொந்தக்காரருடையது. ஆகவே தொழிலாளியைக் காண வருபவர் எவராயினும் துரையின் அனுமதியின்றிக் காலெடுத்துவைப்பின், அத்துமீறியவர் எனக் குற்றஞ்சாட்டப்பட இடமிருந்தது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாய் வேடம் பூண்டு தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர், 1931 இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். எழுத்தறிந்தோர் சிலராயிருந்த காலத்திலே பத்திரிகை சென்று சேராத செவிகளை அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாளின் பாடல்கள் சென்று சேர்ந்தன. வாயிலிருந்து வாய்க்குச் செல்லும் பாட்டை எந்த வாயிற்காவலும் மறிக்கவியலாது.

தடை அந்நியர்க்கு மாத்திரம் உரியதன்று. தோட்டத் தொழில் பயில 1936 இல் வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர், 1937 ஏப்ரில் மாதத்தில் நாவலப்பிட்டியிற் கூடிய தொழிலாளர் முன்னிலையிற் பேசினார். தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதெனத் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது.

1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களுக்குச் சட்ட அந்தஸ்து அளித்தது. வேலை நீக்கப்பட்ட பின்னரும் லய அறையிற் தங்கிய ஒருவரது வழக்கு 1950 இல் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தமக்கு உரிமையுண்டென உண்மையாக நம்பித் தங்குபவரின் செயல், அதனால் நிலத்தை ஆள்பவர்க்கு எரிச்சல் உண்டாகும் என்ற காரணத்தால் மாத்திரம் குற்றமாகாது என்னும் கோட்பாடு அங்கு நிலைநாட்டப்பட்டது. எனினும், தொழிற்சங்கப் பிரதிநிதி தோட்டத்துட் பிரவேசித்து அங்கத்தவரைச் சந்திக்கும் உரிமை 1970 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே தெளிவாக வழங்கப்பட்டது. சங்கம் அமைத்தற்கும் அச்சங்கத்தின் சொல் லயத்து வாயிலை அடைதற்கும் இடையே 35 ஆண்டுகள் கழிந்தன. தொடர்பு மறுக்கப்படின் ஏட்டிலுள்ள உரிமை எத்துணை மெலிந்துபோகும் என்பதை மாணவர் இதனால் உணரலாம்.

இற்றைநாளில் தொழிலாளியின் கையிலே கைத்தொலைபேசி இருக்கின்றது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்துப் பாடங்களும் அதன் வழியே வந்தன. ஆகவே விதியே வேண்டா எனக் கூறலாமோ? கூறலாகாது. தொழிற்சாலையிலே உருளும் இயந்திரத்தின் அருகு நிற்பவர் தொலைபேசியை நோக்குதல் உயிர்க்கு ஆபத்து. நிறுவனத்தின் கணக்குகளைக் காப்பதும் நிர்வாகத்தின் கடமையே. நகரத்துக் காரியாலய ஊழியர் மாலையில் வீடு திரும்பும்போது காரியாலய விதி அங்கேயே நின்றுவிடும். தோட்டத்திலோ வேலைத்தலமும் வீடும் ஒரே எல்லைக்குள் இருந்தன. வேலைக்கென வகுத்த விதி வீட்டுக்குள்ளும் நுழைந்து, உறவினர் வருகையையும் ஊர்க் கடிதத்தையும் ஆண்டது. முற்காலத்து விதிகளின் பெருங்குறை இதுவே.

இன்று இத்தகைய விதிகளை வகுப்போர் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே வினாவுதல் நன்று. விதிக்குக் காரணம் தொழிலின் தேவையா, அன்றிச் செய்தி பரவும் என்ற அச்சமா? வேலை நேரம் முடிந்தவுடன் விதியும் முடிகின்றதா? விதிக்கு உட்படுவோர் அதனைத் தமது மொழியில் வாசித்து, கருத்துரைக்க இடம்பெற்றனரா? துண்டைக் கையிற் பெற்றும் அதனை வாசிக்க இயலாதிருந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசிக்க அவர்களைப் பழக்குதல் ஆசிரியராகிய நமது கடன்.