பராக் மிஷேல்

கிழக்கு பெல்ஜியத்தின் ஓட் ஃபான்ய மேட்டுச் சதுப்பில், 674 மீட்டர் உயரத்தில் உள்ள பழைய பயணியர் புகலிடம். சுற்றிலும் பாசி மக்கிப் படிந்த பீட் நிலம். சில இடங்களில் அதன் ஆழம் 7 மீட்டர். மூடுபனி இறங்கினால் தடம் எது, சகதி எது என்று உள்ளூர்க்காரர்களுக்கே பிடிபடாது.

புகலிடத்துக்கு முந்தைய வரலாறு சொற்பம். பீட்டுக்கு அடியில் கிடைத்த மரக்கட்டைச் சாலையை 7ஆம் நூற்றாண்டுச் சாசனம் குறிப்பிடும் 'வியா மன்சுவரிஸ்கா'வாகக் கருதுவோர் உண்டு. போட்டது உரோமர்தானா என்பதில் கருத்து வேறுபாடு. வடகிழக்கே, 1338இலேயே ஆவணத்தில் இடம்பெறும் ரைனார்ட்ஸ்ஹோஃப் யாத்ரீகர்களுக்குத் தங்குமிடமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அணைநீரைக் காக்க ஆட்களை வெளியேற்றினார்கள். இன்று அது இடிபாடு.

ரைன் கரைச் சின்ட்சிஷ் ஊரைச் சேர்ந்த மிஷேல் ஷ்மிட்ஸ் இங்கே குடியேறியது 1810ஐ ஒட்டி. ஆண்டு நூலுக்கு நூல் மாறுகிறது. பனியில் வழிதவறிப் பிழைத்தவர், அந்த இடத்திலேயே வீடு கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது செவிவழிக் கதை. வீடென்றாலும் களிமண்ணும் புல்கட்டியும் கொண்டு எழுப்பிய குடிசைதான். அவருக்குப் பின்னும் குடும்பத்தார் தங்கி, பனி மூடிய வேளைகளில் மணி அடித்தார்கள். மணியோசையைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்களின் பெயர்கள் 'இரும்பு நூல்' என்ற பதிவேட்டில் ஏறின. அருகே 1830-31இல் மல்மெடி ஊர்ப் பிரமுகர் ஃபிஷ்பாக் சிறு தேவாலயம் கட்டினார். உறவினர் உயிர்தப்பியதற்கு நன்றிக்கடன் என்கிறார்கள். அதன் கூம்பில் இரவுதோறும் விளக்கு எரிந்தது. 1850களில் யூப்பன்–மல்மெடி சாலை வந்ததும் விளக்குக்கு வேலை குறைந்தது.

ஆபத்து குறையவில்லை. 1871 ஜனவரியில், அணை கட்டும் கூலியாள் பிரான்சுவா ரைஃபும் அவர் மணக்கவிருந்த மரி சொலேதும் கல்யாணக் காகிதங்களுக்காக, அப்போது இச்சதுப்பில் ஓடிய பிரஷ்ய எல்லையைத் தாண்டப் புறப்பட்டுப் பனிப்புயலில் சிக்கினார்கள். உடல்கள் கிடைத்தது மார்ச்சில். மரி கிடந்த எல்லைக்கல்லின் அருகே இப்போது ஒரு சிலுவை நிற்கிறது. மரி இறந்துவிட்டதாகவும் தானும் சாகப்போவதாகவும் பிரான்சுவா எழுதிய சீட்டு அவள் உடலில் இருந்ததாம்.

முதல் உலகப்போர் வரை பெல்ஜியத்தின் உச்சி பராக் மிஷேல்தான். வெர்சாய் உடன்படிக்கையால் எல்லை நகர, 694 மீட்டர் பொத்ராஞ்ஜ் அந்தப் பெருமையைப் பறித்தது.

1957 முதல் சுற்றுப்புறம் இயற்கைக் காப்பகம். 2011 ஏப்ரலில் பெருந்தீ பரவியது. புகலிடம் இருந்த இடத்தில் உணவகம் நடக்கிறது. தீ அபாய நாட்களில் செங்கொடி ஏற்றிச் சதுப்புக்குள் செல்லத் தடை விதிக்கிறார்கள்.