பெற்றோரை அந்நியமாக்கல்: மொன்றியால் நிலை

விவாகரத்தால் பிரிந்த தம்பதியருள் ஒருவர், தம் பேச்சாலும் மௌனத்தாலும் குழந்தையின் உள்ளத்தில் மற்றவர்மீது காரணமற்ற துவேஷத்தை ஊட்டி, நாளடைவில் அக்குழந்தை தன் வாயாலேயே “அப்பாவிடம் போகமாட்டேன்” என்றோ “அம்மாவைப் பார்க்கமாட்டேன்” என்றோ மறுக்கும் நிலையை உண்டாக்குதல் பெற்றோரை அந்நியமாக்கல் எனப்படும். அமெரிக்கக் குழந்தை மனநோய் மருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர் 1985ஆம் ஆண்டில் இதனை ஒரு நோய்க்குறித் தொகுதியாக வருணித்தார். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆயினும் மருத்துவர் ஏற்காத அப்பெயரை வழக்கறிஞர்கள் கைவிடவில்லை.

மொன்றியால் நகரம் அடங்கிய கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை விவாகரத்து வழங்கும் நியாயஸ்தலமே கிடையாது. விலக விரும்பியோர் ஒட்டாவாப் பாராளுமன்றத்தை நாட வேண்டியிருந்தது. தந்தைக்கே உரியதாயிருந்த அதிகாரம் 1977இல் பெற்றோர் இருவர்க்கும் பொதுவாயிற்று. இம்மாறுதல்களுக்குப் பின்னரே, ஒரு வாரம் தாய் வீட்டிலும் மறுவாரம் தந்தை வீட்டிலுமாகக் குழந்தை வளரும் பகிர்வுப் பராமரிப்பு மொன்றியாலில் வேரூன்றியது. பிள்ளைக்கான ஜீவனாம்சக் கணக்கிலே, ஆண்டில் நூற்றுக்கு 40 பங்கு காலமேனும் ஒவ்வொருவரிடமும் குழந்தை இருந்தால்தான் அது பகிர்வுப் பராமரிப்பு. ஆகவே சில நாள் கூடுவதும் குறைவதும் பாசத்தோடு பணத்தையும் தொடும். பிள்ளையின் நன்மை ஒன்றையே கருதுவதாகத் தொடுக்கப்படும் வழக்குகள் சிலவற்றில் இக்கணக்கும் ஒளிந்திருப்பதை மறுப்பதற்கில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டதும், துணிப்பையோடு மற்ற வீட்டுக்குச் செல்லவேண்டிய எட்டு வயதுச் சிறுமி வயிற்றுவலி என்கிறாள்; காரணம் கேட்டால், ஜீவனாம்சப் பாக்கியைப் பற்றித் தன் வயதுக்கு ஒவ்வாத சொற்களிலே பேசுகிறாள்; ஆசையோடு ஓடிச்சென்ற அப்பம்மா வீடும் அவளுக்குக் கசந்துவிடுகிறது. அந்நியமாக்கலை ஆராயும் நிபுணர் குறித்துக்கொள்ளும் அடையாளங்கள் இவை. ஆனால் கையோங்கும் தகப்பனுக்கு அஞ்சும் குழந்தைக்கும் வெள்ளிக்கிழமைகளில் வயிறு வலிக்கத்தான் செய்யும். கியூபெக் நீதிபதிகள் 12 வயது நிரம்பிய பிள்ளையின் விருப்பத்தைப் பெரும்பாலும் தீர்மானமானதாகவும், 8 முதல் 11 வரையுள்ள பிள்ளையின் விருப்பத்தைக் கனமாகக் கருதத்தக்கதாகவும் கொள்ளும் மரபுடையவர்கள். அவ்விருப்பம் பிறரால் ஊட்டப்பட்டதெனத் தெளிந்தால் அதன் வலிமை குன்றும்.

மொன்றியாலில் விவாகரத்து வழக்கு நொத்ர்தாம் வீதி நீதிமாளிகையில், மேல்நிலை நியாயஸ்தலத்தில் நடைபெறுகிறது. நீதிபதியின் கட்டளைப்படி மனோதத்துவ நிபுணரோ சமூக சேவகரோ பெற்றோர் இருவரையும் தனித்தனியே கண்டு, குழந்தை ஒவ்வொருவரோடும் பழகும் விதத்தைக் கவனித்து அறிக்கை அளிப்பார். நியாயஸ்தலத்தின் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை; காத்திருக்கும் காலமோ நீளமானது, அந்நியமாக்குவோர்க்கு அத்தாமதத்தைவிடச் சிறந்த துணை வேறில்லை. குழந்தையின் மனத்தைச் சிதைக்கும் கொடுமையாக விஷயம் முற்றிவிட்டால் இளைஞர் பாதுகாப்பு இயக்குநர் தலையிட, அதே குடும்பம் பெல்ஷாஸ் வீதி இளைஞர் நியாயஸ்தலத்தின் படியையும் ஏறவேண்டிவரும். சிகிச்சை, மேற்பார்வையின் கீழ்ச் சந்திப்பு, நியாயஸ்தல அவமதிப்புத் தண்டனை என்பன பரிகாரங்கள். பராமரிப்பையே மற்றவர்க்கு மாற்றுவது கடைசி உபாயம், அதன் வேதனையையும் குழந்தையே சுமக்கிறது.

வன்முறைக்கு அஞ்சி விலகிய தாய்மாரின் வாயை அடைக்க அந்நியமாக்கல் என்னும் வாதம் பயன்படுகிறதென்ற கண்டனமும் வலுவானது. சட்ட ஆய்வாளர் சூசான் ஸக்கூர் 2018இல் கியூபெக் தீர்ப்புகளை ஆராய்ந்து இவ்வாறு விமர்சித்தார், ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலெம் 2023இல் இக்கருத்தை நியாயஸ்தலங்களில் தடைசெய்யும்படி அரசாங்கங்களை வேண்டினார். 2021 மார்ச் 1 முதல் அமலுள்ள கனடாவின் திருத்திய விவாகரத்துச் சட்டமோ, மற்றவரோடு குழந்தைக்குள்ள உறவை ஆதரிக்கும் மனப்பாங்கையும் குடும்ப வன்முறையையும் அருகருகே வைத்து எடைபோடச் சொல்கிறது. இந்திய உச்சநீதிமன்றமும் 2017இல் இக்கருத்தை விரித்துரைத்துவிட்டு, 2024இல், அந்நியமாக்கும் செயல் இன்னதென்று தனித்தனியே எடுத்துக்காட்டாமல் ஒரு பெற்றோர்மேல் அப்பெயரைச் சுமத்தலாகாது என்று எச்சரித்தது.