மிச்சம் யாருக்கு? பாடி, அம்பத்தூர் தொழிற்கூடங்களில் தொடர் மேம்பாடு

சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. அதே பாடி வட்டாரத்தைச் சேர்ந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001இலும், லூகாஸ் டிவிஎஸ் 2004இலும் பெற்றன. ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டல், மேலிடத்தின் உறுதி, தொழிலாளர்களிடமிருந்து யோசனை கேட்கும் வழக்கம் என்று இவ்வெற்றிக்குக் காரணம் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பெரிய நிறுவனங்களுக்குப் பாகம் செய்துதரும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குள் கைஸன் எனும் தொடர் மேம்பாடு அவ்வளவு எளிதில் நுழைவதில்லை. பட்டறைக்காரருக்குப் பயிற்சி போதாது, ஒழுங்கு போதாது என்பது வழக்கமான விளக்கம். கணக்கைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது.

எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு சிஎன்சி லேத், 480 நிமிட ஷிஃப்ட். இரண்டு முறை ஜாப் மாற்ற வேண்டும். ஒவ்வொரு செட்டிங்குக்கும் 60 நிமிடம். மிச்சம் 360 நிமிடம். பீஸுக்கு 3 நிமிடம் என்றால் 120 பீஸ். இப்போது ஆபரேட்டர் ஒவ்வொரு ஜாபுக்கும் உரிய, பாகத்தைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவைத் தனித்தனியாகக் கடைந்து, எண் பொறித்து, மெஷின் பக்கத்திலேயே மாட்டி வைக்கிறார். அடுத்த ஜாபின் டூல்களை மெஷின் ஓடும்போதே எடுத்து அடுக்கிவிடுகிறார். செட்டிங் 20 நிமிடத்தில் முடிகிறது. பீஸ் 146 ஆகிறது. செட்டிங் நேரத்தைக் குறைக்க ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ வகுத்த முறையும் சாராம்சத்தில் இதுதான். அதை அறியாமலே செய்கிற கைகள் அம்பத்தூரில் உண்டு.

அந்தக் கூடுதல் 26 பீஸ் யாருக்கு? வாகன நிறுவனம் உதிரிபாக நிறுவனத்திடம் ஆண்டுதோறும் விலைக்குறைப்புக் கேட்கிறது. அது பட்டறை வரை இறங்குகிறது. வாங்குபவரின் ஆள் வந்து நேரம் பார்த்தால் அடுத்த ஆர்டரில் ரேட் குறையும். ஆகவே புத்திசாலிப் பட்டறைக்காரர் மேம்பாட்டைச் செய்வார், வெளியே காட்டமாட்டார். எழுதிவைக்காத மேம்பாடு அந்த ஆபரேட்டர் வேலையை விட்டதும் போய்விடும். பீஸ் ரேட் குறைந்துவிடும் என்று அஞ்சித் தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்ததை அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் பொறியாளர் டெய்லர் 1880களிலேயே கண்டார். அம்பத்தூரில் அதே தர்க்கம் பட்டறை முதலாளிக்கும் பொருந்துகிறது என்பதே வேடிக்கை. பாடியின் பெரிய ஆலைக்குள் யோசனை சொன்ன நிரந்தரத் தொழிலாளிக்கு, அதனால் தன் வேலை போகாது என்ற நம்பிக்கையாவது இருந்திருக்கும்.

போட்டி கடுமை, விலையைக் குறைக்காமல் முடியாது என்று வாங்குபவர்கள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் ரேட்டைக் குறைப்பது வேறு, எப்போது குறைப்பது என்பது வேறு. அமெரிக்க அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில், ஒப்பந்ததாரர் சொல்லும் மாற்றத்தால் செலவு குறைந்தால் மிச்சத்தில் அவருக்கும் பங்கு தரும் விதி நெடுங்காலமாக உண்டு. 2023இல் ஒன்றிய அரசு புதுப்பித்த, வீணைக் குறைக்கும் லீன் முறைக்கான சிறுதொழில் திட்டமோ ஆலோசகர் கட்டணத்தில் 90 விழுக்காட்டை ஏற்கிறது. பட்டறைக்கும் வாங்குபவருக்கும் இடையிலான ரேட் அதன் பார்வைக்குள் வருவதில்லை.

மிச்சத்தில் பட்டறைக்கும் பங்கு தருவதைச் சோதித்துப் பார்க்க அருகிலுள்ள ஆவடி பொருத்தமான இடம். டாங்கி தயாரிக்கும் அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 2021 முதல் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. டாங்கி ஒருமுறை படையில் சேர்ந்தால் பல பத்தாண்டு ஓடும். அதன் உதிரிபாக வரைபடம் எளிதில் மாறாது, ஆர்டரும் திரும்பத் திரும்ப வரும். செலவைக் குறைத்த பட்டறைக்கு முதல் இரண்டு ஆண்டு பழைய ரேட்டையே கொடுத்து, மூன்றாம் ஆண்டிலிருந்து மிச்சத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் ஒரு விதியைச் சில உதிரிபாகங்களுக்கு மட்டும் அங்கே முதலில் சேர்த்துப் பார்க்கலாம்.