குடலாடை தைத்த கைகள்

வட பசிபிக் கடலில், அலாஸ்காவுக்கு மேற்கே வில்போல் வளைந்து கிடப்பன அலூசியத் தீவுகள். மரம் வளராத அந்நிலத்தில், மழைக்கும் மூடுபனிக்கும் இடையே, உனாங்கன் மக்கள் கடலை நம்பியே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தனர். பருத்தியும் ஆட்டுமயிரும் கிட்டாத அவர்களுக்குக் கடற்சிங்கம், கடல்நாய் முதலியவற்றின் குடலே மழையாடையாயிற்று.

வேட்டை ஆடவர் தொழில். தையல் பெண்டிர் தொழில். அவர்கள் குடலைக் கழுவி, உள்ளும் புறமும் சுரண்டித் தூய்மை செய்வர். பின்னர்க் காற்றை ஊதி நீண்ட குழலாக உலர்த்துவர். அதை நெடுக அறுத்தால் மெல்லிய நாடா கிடைக்கும். உலர்ந்த குடல் எளிதில் முறியும். ஈரம் பட்டால் துணிபோல் வளையும். ஆதலால் அதனை நனைத்து, விலங்கின் தசைநாரையே நூலாகக் கொண்டு தைப்பர். குளிர்கடலில் தோற்படகு செலுத்துவோனுக்கு, நீர் புகாத தையலே உயிர்க்காவல்.

1741இல் பெரிங்கின் கடற்பயணம் உருசியருக்கு அப்பகுதியைக் காட்டிற்று. மென்மயிர்த்தோல் வணிகர் பின்தொடர்ந்தனர். கட்டாய வேட்டை, வன்முறை, நோய் ஆகியவற்றால் உனாங்கன் மக்கள்தொகை பெரிதும் குன்றியது. அத்துன்பக் காலத்திலும் அப்பெண்டிர், உருசிய அதிகாரிகளின் மேலங்கியைப் பின்பற்றிக் குடலால் அழகிய அங்கிகள் தைத்தனர். அவற்றுட் சில இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆயினும், அவற்றைத் தைத்தவர் பெயர்கள் பெரும்பாலும் பதிவு பெறவில்லை.

பிற்காலத்தில் ஆலையில் செய்த மழையங்கிகள் பெருகவே, இத்தொழில் அருகியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இழைக்கலைஞர் பாட் ஹிக்மன், அலாஸ்காவின் குடல்வேலையால் ஈர்க்கப்பட்டுப் பன்றிக் குடலால் சிற்பங்கள் செய்தார். ஈரக் குடலை ஓர் உருவின்மீது போர்த்தினால், உலரும்போது அது சுருங்கி இறுகும். ஒளியையும் ஊடுருவ விடும். 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் குடலும் மீன்தோலும் பற்றிய கண்காட்சி ஒன்றையும் அவர் அமைத்தார். அலாஸ்காவின் பூர்வகுடியினரான சோன்யா கெல்லிஹர்-கோம்ஸ், வால்ரசு இரைப்பையையும் குடலையும் தம் சிற்பங்களில் கையாள்கிறார். 2014இல் ஆங்கரேச்சு நகரில், ஸ்மித்சோனியன் ஆர்க்டிக் ஆய்வு நடுவத்தில், பூர்வகுடிக் கலைஞர் குடல் தைக்கும் முறையைப் பிறருக்குக் கற்பித்தனர்.

ஈரத்தில் நெகிழ்ந்து உலர்ந்தபின் இறுகும் குடலின் இயல்பைச் சிற்பிகளுக்கு முன்பே நன்கறிந்தவர், அப்பெயர் தெரியாத தையற்பெண்டிரே. இழைச்சிற்பத்தின் வரலாற்றை எழுதுவோர் அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.