நுரையீரல் புற்றுநோய்: மரபணுப் பிறழ்வுகளும் இலக்கு மருந்துகளும்

நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் எந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது என்று சோதித்து, அந்தப் பிறழ்வையே தாக்கும் மருந்தைக் கொடுப்பது இலக்கு மருத்துவம். சோதனையில் தேடப்படும் அடையாளத்துக்கு உயிரிக்குறி என்று பெயர். இந்த மருத்துவம் வேரூன்றியது 2004ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். அதற்கு முன், நோய் முற்றி வருகிறவர்களுக்குக் கீமோவைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவுமில்லை. இன்று உரிய பிறழ்வு உள்ளவர்களில் பலர் நாளுக்கு ஒரு மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். திருவாரூர் மாவட்டத்தின் குடவாசலில் இருக்கும் ஒரு நோயாளிக்கு இந்த வாய்ப்புக் கிட்டுமா என்பதை இன்று தீர்மானிப்பது மருந்தின் விலை மட்டுமல்ல. அவருடைய திசு சரியான ஆய்வகத்துக்குச் சரியான நிலையில் போய்ச் சேருகிறதா என்பதும்தான்.

மருந்து முந்தியது, காரணம் பிந்தியது

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் 1960களின் தொடக்கத்தில் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு வளர்ச்சிப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். செல்லின் மேற்பரப்பில் அதை ஏற்றுக்கொள்ளும் புரதம்தான் இ.ஜி.எஃப்.ஆர். கோஹனுக்கு 1986இல் ரீட்டா லெவி-மொந்தால்சினியுடன் நோபல் பரிசு கிடைத்தது. இயல்பான செல்லில் இந்த ஏற்பி, கட்டளை வந்தால் திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். பிறழ்ந்துவிட்டாலோ, ஷட்டர் இறங்காமல் சிக்கிக்கொண்ட மதகைப் போல, பெருகச் சொல்லும் கட்டளை ஓயாமல் பாய்ந்துகொண்டே இருக்கும்.

இதை அடைக்க உருவான கெஃபிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2002இல் ஜப்பானும் 2003இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. மேலைநாட்டு நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது கேட்டது. ஆனால் கேட்டவர்களுக்கோ, படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடக்கும் அளவுக்குக் கேட்டது. அவர்களில் பெண்கள், புகைபிடிக்காதவர்கள், கிழக்காசியர்கள் அதிகம். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 2004இல் பாஸ்டனில் இரண்டு குழுக்களும் நியூயார்க்கில் ஒரு குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விடையைக் கண்டன: மருந்து கேட்டவர்களின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு பிறழ்ந்திருந்தது. அந்த மரபணுவின் எக்ஸான் 19 என்ற பகுதியில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பது, எக்ஸான் 21இல் எல்858ஆர் என்ற ஒற்றை எழுத்து மாற்றம் ஆகிய இரண்டே பெரும்பங்கு.

ஆனாலும் ஆளைப் பார்த்து ஊகித்து மருந்து கொடுக்கும் பழக்கம் உடனே ஒழியவில்லை. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது, ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில் நடந்து 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு. 1,217 நோயாளிகள், ஏறக்குறைய எல்லோருமே புகைக்காதவர்கள் அல்லது எப்போதோ கொஞ்சம் புகைத்து விட்டவர்கள். பிறழ்வு இருந்தவர்களுக்குக் கெஃபிட்டினிப் கீமோவை வென்றது. இல்லாதவர்களுக்குத் தெளிவாகத் தோற்றது. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குக் கேடு. சோதிக்காமல் மாத்திரை எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. 2007இல் ஜப்பானின் ஹிரோயுகி மானோ குழு ஏ.எல்.கே. மரபணு இணைவைக் கண்டது; நான்கே ஆண்டில் அதைத் தாக்கும் கிரிசோட்டினிப் அனுமதி பெற்றது. கெஃபிட்டினிப்பை எதிர்த்து நிற்கும் டி790எம் பிறழ்வு 2005இல் தெரியவந்தது. அதையும் வெல்லும் ஒசிமெர்ட்டினிப் 2015இல் வந்தது. மருந்தே தொட முடியாது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டிருந்த கே-ராஸ் பிறழ்வின் ஒரு வகைக்கு 2021இல் சோட்டோராசிப் கிடைத்தது.

இந்தியக் கட்டிகளில் என்ன இருந்தது

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 907 இந்திய நோயாளிகளின் அடினோகார்சினோமா என்ற வகைக் கட்டிகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது: 23 விழுக்காட்டினரிடம் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு. மேலைநாடுகளில் இது 10 முதல் 15 விழுக்காடு, கிழக்காசியாவில் பாதியை நெருங்கும். நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். இங்கும் பெண்களிடமும் புகைக்காதவர்களிடமும் பிறழ்வு கூடுதல்.

இந்த எண்ணிக்கை நம் ஊர்களில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சுட்டுகிறது. நுரையீரலில் கட்டி என்றதும், ‘பீடி பிடிப்பாரா?’ என்பதுதான் முதல் கேள்வி. பீடி பெருங்காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண் இருமிக்கொண்டு வரும்போது, புற்றுநோய் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. விறகு அடுப்புப் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெளிக்காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்றே 2013இல் அறுதியிட்டது. தமிழகக் கிராமத்துச் சமையலறைப் புகையைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் பல்லாண்டுகளாக அளந்துவருகிறார். கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வின் இந்தியக் களங்களில் ஒன்று, குடவாசலுக்குக் கிழக்கே உள்ள நாகப்பட்டினம் மாவட்டம். அது குழந்தையின் எடையைப் பற்றிய ஆய்வு, புற்றுநோயைப் பற்றியதல்ல. ஆனாலும் காவிரி டெல்டாவின் அடுப்படியில் எவ்வளவு புகை என்பதை எண்ணாக்கியது. லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வோ, ஏற்கெனவே பிறழ்ந்து உறங்கிக் கிடக்கும் நுரையீரல் செல்களை நுண்தூசி தட்டி எழுப்புவதைக் காட்டியது.

நோயாளிகளை எண்ணும் வேலை தமிழகத்தில் முன்பே தொடங்கிவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982இல் சென்னைக்கான பதிவேட்டைத் தொடங்கியது. 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவுத் திட்டமும் அங்கிருந்தே நடத்தப்படுகிறது.

வழக்கு மன்றத்தில்

இந்த வரலாற்றில் மருத்துவர்களுக்குச் சமமாக வழக்கறிஞர்களுக்கும் இடமுண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்குச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் உரிமை மறுத்தது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து, கிளிவெக்கைத் தயாரித்த நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. நுரையீரல் மருந்தான கெஃபிட்டினிப்புக்கும் 2007இல் காப்புரிமை மறுக்கப்பட்டது. எதிர்த்து நின்றது ஹைதராபாத்தின் நாட்கோ. அதே வகை மருந்தான எர்லோட்டினிப்பை ரோஷ் நிறுவனம் மாத்திரை ஒன்றுக்குச் சுமார் 4,800 ரூபாய்க்கு விற்ற நேரத்தில், 2008இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 1,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தபோது, உயிர் காக்கும் மருந்தின் விலை பொதுநலன் சார்ந்தது என்பதையும் கணக்கில் எடுத்தது. 2015இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரோஷுக்குச் சாதகமாக மாறினாலும், மறு ஆண்டே அந்தக் காப்புரிமை காலாவதியானது. இன்று கெஃபிட்டினிப் ஒரு மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது.

அந்த மலிவு மருந்தை வைத்தே டாட்டா மருத்துவமனையின் வனிதா நொரோன்ஹா, குமார் பிரபாஷ் குழுவினர் ஒரு கேள்வி கேட்டார்கள்: மாத்திரையோடு கீமோவையும் சேர்த்தால்? 350 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை 2019இல் அறிவித்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் சராசரியாக 8 மாதம் அடங்கியிருந்தது. கீமோவும் சேர்ந்தவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவு கூடுதல்தான். அதே காலத்தில் ஜப்பானியர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். விலையுயர்ந்த ஒசிமெர்ட்டினிப்போடு கீமோவைச் சேர்த்த பன்னாட்டு ஆய்வு 2023இல் வெளிவந்து இந்த வழியையே உறுதிசெய்தது. நெரிசல் மிகுந்த ஒரு பொது மருத்துவமனையில், கையில் இருந்த மருந்தைக்கொண்டு செய்த இந்த ஆய்வை இந்திய மருத்துவத்தின் பெருமைகளில் ஒன்றாகக் கொள்ளலாம்.

குடவாசலிலிருந்து ஆய்வகம் வரை

குடவாசல் திருவாரூர் மாவட்டத்து வட்டத் தலைநகர். 2010இல் தொடங்கிய திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் அருகில் உள்ளவை. அவற்றைத் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர், அடையாறு.

முதல் தாமதம் டி.பி.யால் வருகிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் காசநோய் என்று எடுத்துக்கொள்வது இந்தியா முழுக்க உள்ள வழக்கம். சளியில் கிருமி அகப்படாமலே மருந்து தொடங்கி, இரண்டு மாதமாகியும் இருமல் அடங்காமல் எடையும் குறைந்தால், தாமதிக்காமல் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது திசு. ஊசி வழியாக எடுக்கும் பயாப்ஸித் துணுக்கு நூலிழை அளவுதான் இருக்கும். அதை உடனே பஃபர் கலந்த 10 விழுக்காடு ஃபார்மலினில் போட வேண்டும். வெறும் சலைனில் கிடந்தாலும், ஃபார்மலினிலேயே நாள்கணக்கில் ஊறினாலும் டி.என்.ஏ. சிதைந்துவிடும். பிறகு மெழுகில் பதித்து பிளாக் ஆக்குகிறார்கள். அதிலிருந்து சீவும் ஒவ்வொரு சீவலும் கணக்கு. எந்தவகைப் புற்று என்று கண்டுபிடிக்கவே எல்லாச் சீவலும் தீர்ந்துவிட்டால், மரபணுச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது; மூச்சு வாங்கும் நோயாளியை மறுபடியும் ஊசிக்குப் படுக்க வைக்க வேண்டியதாகும். மிஞ்சிய பிளாக்கைக் கேட்டு வாங்கி, பயாப்ஸி ரிப்போர்ட்டோடு அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது.

மெழுகு பிளாக் போதாதபோது ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை உண்டு. அமெரிக்கா 2016இல் இதற்கு அனுமதி கொடுத்தது. பிறழ்வு இருப்பதாக வந்தால் நம்பி மருந்தைத் தொடங்கலாம். இல்லை என்று வந்தால் அது முடிவான விடையல்ல, திசுவைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். ஒசிமெர்ட்டினிப்புக்கு 2024இல் மத்திய அரசு சுங்க வரியை நீக்கி, ஜி.எஸ்.டி.யையும் 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தது. அப்படியும் டெல்டாவின் கூலிக் குடும்பம் தன் கைக்காசில் வாங்க முடியாத விலையில்தான் அது இருக்கிறது.